நடந்தே வர்றேன்னு சொல்லுங்க

போன வாரம் தபாலக்காவையும் அவள் புருஷனையும் விமான நிலையத்தில், பெட்டிகளை எடை போட்டு வாங்கிக்கொள்ளும் கவுண்டருக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பெட்டிகள் உள்ளே போய்விட்டன. மகளும் கையசைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் இன்னும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குறுக்கே ஒரு வீல்சேர் வந்து நின்றுவிட்டது.

வேறு யாருக்கோ வந்த வண்டி என்று அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் விடுவதாக இல்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு ராஜமரியாதையோடு உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

அக்கா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தக் கூரைப் பார்வை ஒன்றே போதும்.

"ஏங்க, இது உங்க வேலைதானே?"

"டிக்கெட் போடும்போதே உம் மகள்கிட்ட சொல்லிட்டேன். சும்மாதான் குடுக்கறாங்க. உட்காரு."

"எனக்குக் கால் இல்லையா?"

"இருக்கு. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும்னுதான்."

இந்த வாரம் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தபாலக்காவுக்குத் தபால் பட்டுவாடா செய்வது வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பழகியவள், லீவு நாளில்கூட ஒரு இடத்தில் கால் தரிக்காது. அவளுடைய தம்பி வேறு தேசத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறான். ஐம்பதை நெருங்கும் அவனைக் குட்டி என்று கூப்பிட அவளுக்கு மட்டும்தான் உரிமை. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் நாளை ஓட்டுகிறான். அக்காவுடையது அவனுக்குப் பொருந்தும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவன் ஒத்துக்கொள்ளத்தான் மாசக்கணக்கில் ஆயிற்று. அக்கா போனில் அழுதாள், திட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் இறங்கி வந்தவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். நீ நல்லபடியா என் முன்னால நடந்து வரணும்க்கா, உனக்கு ஒரு சின்னக் கோளாறுன்னு தெரிஞ்சாலும் நான் அந்த டேபிள்ல படுக்க மாட்டேன் என்றான். படுக்க மாட்டான் என்பது அக்காவுக்குத் தெரியும். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அதற்கு மேல் டாக்டர் வேறு ஒரு கவலையைக் கிளப்பிவிட்டார். நடந்து நடந்து அக்காவின் இடது காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. இவ்வளவு நீளப் பிரயாணத்தில் ஒரே இடத்தில் முடங்கிக் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், அது நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, கட்டியிருப்பது தெரிந்தாலே ஆபரேஷனை நிறுத்திவிடுவார்கள் என்றார். எழுந்து எழுந்து நடக்கணும், உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை ஆட்டணும், தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்று சொன்னார். சொன்னபோது இவள் புருஷனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை நன்றாகவே ஆட்டினார்.

நாளைக் காலை அங்கே கடைசிப் பரிசோதனை. தேறினால் குட்டி பிழைத்துக்கொள்வான். தேறாவிட்டால் தள்ளிப்போட அவனிடம் நாள் இல்லை.

"நான் உட்கார மாட்டேன்" என்றாள் அக்கா.

புருஷனும் விடவில்லை. அவருக்குக் கடைத்தெருவில் சிலை என்று பெயர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தாரென்றால், நகத்தை விடச் சின்னதாக ஒரு சாமானைப் பற்றவைத்து முடிக்கும்வரை மூச்சுகூட அளந்துதான் விடுவார். காலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கால் இறங்கும். தன் தொழிலே ஆடாமல் அசையாமல் இருப்பது என்று அவருக்குப் பெருமை. உடையக்கூடிய எதையும் அசைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. இப்போது பெண்டாட்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டாள்.

ஊழியர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சட்டென்று கைப்பைகள் இரண்டையும் தூக்கி வீல்சேரில் வைத்தாள். போகலாம் என்று தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஊழியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் வந்தார்.

விமானத்துக்குக் கூப்பிடும் நேரத்தில் குட்டி போன் செய்தான். சிலைதான் எடுத்தார். அக்கா எப்படி இருக்கா, காலு எப்படி இருக்கு என்று அவன் கேட்டது பக்கத்து நாற்காலி வரைக்கும் கேட்டது. அக்கா உட்காராமல் அங்கேயும் இங்கேயும் உலாத்திக்கொண்டிருந்தாள்.

"நடந்தே வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் நின்றபடியே.

சிலை அவளுக்குக் கேட்காதபடி வாயைப் போனோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, குட்டியிடம் "அங்க போய் இறங்கினதும் வீல்சேர் வரும். அதுல வருவா" என்று மெதுவாகச் சொல்லப் பார்த்தார். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் காதிலேயே நேராகச் சொன்னாள். "குட்டி, நீ கம்பி ஓரமா வந்து நில்லு. நான் நடந்து வர்றதைக் கண்ணால பாரு."

ஜன்னலோரம் இரண்டே இருக்கைகள். ஜன்னல் பக்கம் சிலை, நடைபாதைப் பக்கம் அக்கா. காலைச் சூரியன் றெக்கை மேல் பளீரென்று அடித்தது. மேலே ஏறியதும் எல்லாரையும் ஜன்னலை மூடச் சொல்லிவிட்டார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே மட்டும் தூங்கு தூங்கு என்று ஒரு மங்கல் வெளிச்சம். சுற்றிலும் இருந்தவர்கள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அக்கா முழங்கால் வரை இறுக்கமான காலுறையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெல்ட் விளக்கு அணைந்ததோ இல்லையோ, எழுந்துவிட்டாள்.

சும்மா நடப்பது அவளுக்கு வராது. கையில் ஒரு கட்டுத் தபால் இருந்தால்தான் கால் தானாகப் போகும். அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். வரிசைகளின் மேலே ஒட்டியிருந்த எண்களைக் கதவு எண்களாக வைத்துக்கொண்டாள். இது ஒரு நீளத் தெரு, பட்டுவாடா முடிக்காமல் ஆபீசுக்குத் திரும்ப முடியாது.

தூங்கும் கைக்குழந்தை இருந்த வரிசை, சத்தம் போடாமல் கடக்க வேண்டிய வீடு. நீளக் கால்களை நடைபாதைக்கு நீட்டிக்கொண்டு குறட்டை விடும் ஆசாமி, நாய் கட்டியிருக்கிற வீடு, பார்த்துத் தாண்ட வேண்டும். தூக்கம் வராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர், எனக்குக் கடுதாசி இல்லையா என்று வாசலிலேயே நிற்கிற ஆள். அவருக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். ஒரு சுற்று முடிந்தபோது கால் இதமாக இருந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டாவது சுற்றில் ஒரு பணிப்பெண் ஓடி வந்தாள். முகமெல்லாம் பதற்றம். அக்காவின் கையை மெல்லப் பிடித்து, பக்குவமாக அழைத்து வந்து இருக்கையில் உட்கார வைத்து, கம்பளியும் போர்த்திவிட்டுப் போனாள். நல்ல பெண், மரியாதை தெரிந்த பெண் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தாள். அந்தப் பெண் மறுபடி வந்தாள், மறுபடி உட்கார வைத்தாள். மூன்றாம் தடவை இன்னொருத்தியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. டிக்கெட்டில் வீல்சேர் என்று போட்டிருக்கிறதே. இவர்கள் கணக்கில் தான் நடக்க முடியாதவள். தடுமாறி விழுந்துவிடப் போகிறாளே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர்கள் பேசிய மொழி அவளுக்கு முகவரி படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். சிலைக்குக் கொஞ்சம் பேசவும் வரும், அதுவும் செல்போனுக்குள் இருக்கும் வார்த்தைகளாக வரும். சொல்லுங்க அவங்ககிட்ட, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க என்று அவள் அவரைக் கிள்ளினாள். பணிப்பெண்ணும் அவரைத்தான் கேள்வியாகப் பார்த்தாள். சிலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெஸ்ட்" என்றார். "ஃபுல் ரெஸ்ட்."

பணிப்பெண் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, ஒரு தலையணையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் உறைக்கும்படி சொன்னாள். அங்கே ஒருத்தன் மெஷினைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். இந்தக் காலில் ரத்தம் கட்டினால் அவனைத் தான்தான் கொன்ற மாதிரி. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் இப்படிப் பண்ணலாமா என்று கேட்டாள்.

சிலை நேரே முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்மேல் கால் போட்டபடி, கை இரண்டையும் கட்டியபடி. பேசியபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"உன்னைக் கிழிச்சு ஒண்ணை வெளிய எடுத்துத் தைக்கப் போறாங்க. சரின்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நான் என்ன பண்ண முடியும், சொல்லு? கூட வந்து உட்காரலாம், அவ்வளவுதான். என்னால ஒரு நாற்காலிக்குச் சொல்ல முடிஞ்சது. அதையும் வேண்டாங்கற."

அக்கா மடியிலிருந்த தலையணையைக் கீழே வைத்தாள். இந்த மனுஷன் இத்தனை மாசமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். தனக்குத்தான் அது தெரியவில்லை. குட்டி, குட்டி என்று ஒரே நினைப்பில் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு மனசு கனத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்காலி வேண்டாங்க. நீங்க எழுந்து என்கூட ஒரு நடை வாங்க."

"நானா குடுக்கப் போறேன்? எனக்கென்ன, நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ போ. நான் பையைப் பார்த்துக்கறேன்."

பை அவர் காலுக்கு நடுவில் இருந்தது. அவளுடைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அதில்தான். அதைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னதற்கு, கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தண்ணீரையும் வேண்டாம் என்றார். குடித்தால் பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டும், பையை யார் பார்ப்பது என்றார். சொன்னால் சொன்னதுதான். கோபம் போய்விட்டது, அது போதும் என்று அக்கா எழுந்தாள்.

இந்தத் தடவை அவள் நேராகப் பின்பக்கம், சாப்பாட்டு வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்துக்குப் போனாள். பணிப்பெண் அவளைக் கண்டதும் பாதி வழியிலேயே கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கண் முன்னாலேயே குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றாள். இறங்கினாள், மறுபடி எழும்பினாள். பிறகு ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று அவளைச் சொல்வார்கள், இன்று அது உதவியது. பணிப்பெண்ணுக்கு வாய் பிளந்தது.

அப்புறம் அக்கா குனிந்து காலுறையைக் கொஞ்சம் இறக்கி, சுருண்டு கிடந்த நரம்பைக் காட்டினாள். தன் விலாவைத் தொட்டாள். தம்பி என்பதற்கு ஒரு கையால் சின்னப் பையன் உயரம் காட்டி, அந்த விலாவிலிருந்து எடுத்து அவனுக்குக் கொடுப்பதுபோல் நீட்டினாள். நடக்க வேண்டும் என்பதற்கு இரண்டு விரலை உள்ளங்கையில் நடக்கவிட்டாள்.

பணிப்பெண் குனிந்து தன் கால்சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அவள் காலிலும் அதே இறுக்கமான காலுறை, அதே நிறம். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்று பிழைக்கிற இரண்டு பெண்களுக்கு அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை.

அதிலிருந்து அக்காவுக்கு ராஜபாட்டைதான். வண்டி உருட்டிக்கொண்டு வரும்போது மட்டும் ஒதுங்கி நிற்பாள், மற்ற நேரம் தெரு அவளுடையது. தாண்டும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு குவளை தண்ணீரைக் கையில் திணித்தாள். நாய் கட்டியிருக்கிற வீட்டுக்காரர்கூடக் காலை மடக்கிக்கொண்டார்.

பாதி வழிக்கு மேல் விமானம் குலுங்க ஆரம்பித்தது. எல்லாரையும் உட்காரச் சொல்லிப் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். விளக்கு அணையவே இல்லை. நேரம் போகப் போக அக்காவுக்கு இடது கால் கனப்பதுபோல் தோன்றியது. அது நிஜமா, பயமா என்று தெரியவில்லை.

உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றினாள். கால் கட்டைவிரலால் காற்றில் முகவரி எழுத ஆரம்பித்தாள். தினம் போகிற வழி, முதல் தெருவிலிருந்து வரிசையாக. கதவு எண், தெருப் பெயர், ஊர். இடது காலால் ஒரு வீடு, வலது காலால் ஒரு வீடு. கணுக்கால் சுழன்றது, கெண்டைக்கால் இழுபட்டது. விமானம் எவ்வளவு குலுங்கினாலும் பட்டுவாடா நிற்கவில்லை.

கம்பளிக்கு அடியில் என்னவோ ஆடுகிறதே என்று சிலை கேட்டார். எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கடைக்கும் ஒரு தபால் போடு என்றார். போட்டாள். நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன், கட்டைவிரல்தானே, பையைப் பார்த்துக்கிட்டே எழுதலாம் என்று கெஞ்சினாள். எனக்குக் கையெழுத்தே கோணல், காலெழுத்து வேறயா என்று அவர் தட்டிக்கழித்துவிட்டார்.

குலுக்கல் நின்று பெல்ட் விளக்கு அணைந்து, சாப்பாடும் முடிந்து தட்டை எடுத்துப் போனபோது அவர் ஒருமுறை குனிந்து காலைத் தடவிக்கொண்டதை அக்கா பார்த்தாள். என்ன என்று கேட்டதற்குக் கம்பளி குத்துகிறது என்றார். அவள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டாள்.

இறங்கியபோது அங்கே மத்தியானம். கதவுக்கு வெளியே, சொன்னபடி வீல்சேர் காத்திருந்தது, தள்ள ஒரு பெண்ணும் நின்றிருந்தாள். அக்கா அதைக் கண்டு முறைத்தாள். பின்னால் இருக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்த சிலை, ஒரு அடி வைத்ததும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மரத்துப் போச்சு" என்று சிரித்தார்.

மெல்ல மெல்ல வாசல் வரைக்கும் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அக்கா அவர் தோளைப் பிடித்து அழுத்தி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பாரு, நான் சொன்ன நாற்காலி வீண் போகலை என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். அவளும் சிரித்தாள். கைப்பையைத் தோளில் தபால் பை மாதிரி மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கால் லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் குட்டி நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான், முகம் மட்டும் உப்பியிருந்தது. கதவு திறந்ததும் அவன் கண்ணில் முதலில் பட்டது வீல்சேர். அவன் முகம் தொங்கிப்போனது. கம்பியைப் பிடித்த கை இறங்கியது.

அப்புறம்தான் அதன் பக்கத்தில் வந்தவளைப் பார்த்தான்.

அக்கா வேண்டுமென்றே நடையைக் கூட்டினாள். வீல்சேரை முந்திக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, தெருமுனைக்கு வருகிற மாதிரியே வந்தாள். குட்டி கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் எலும்பு அவள் கைக்குத் தட்டுப்பட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அழுதுவிட்டாள். வந்துட்டேன்டா, நடந்தே வந்துட்டேன்டா என்று அவன் முதுகைத் தட்டினாள்.

"என்ன மாமா, உங்களுக்கா நாற்காலி?" என்று குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

சிலை காலைத் தடவக் குனிந்தார். வலது கால் முழுசாக மடங்கவில்லை. ஷூவின் வாய் இறுகி, பாதத்தின் சதை மேலே பிதுங்கி நின்றது. இடது காலில் அப்படி இல்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது.

தரையில் மண்டியிட்டு அவர் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினாள். வலது கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று விறைத்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. இடது காலில் வைத்துப் பார்த்தாள். அது சாதாரணமாக இருந்தது. அவர் மறுபடி தேய்த்துவிடக் கையைக் கொண்டுவந்தார். தேய்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எப்ப இருந்து வலிக்குது?"

"குலுக்கல் வந்தப்பவே."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

சிலை அவளைப் பார்க்காமல் சொன்னார். "நீ நல்லா நடந்துக்கிட்டு இருந்த. சொன்னா என் பக்கத்துல உட்கார்ந்துடுவே."

டாக்டர் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. ரெண்டு பேரும் எழுந்து நடங்க என்றுதான் சொன்னார். ரெண்டு பேரும் என்றுதான் சொன்னார். நாள் முழுக்கத் தெருத் தெருவாக எல்லாக் கதவையும் தட்டினாள். பக்கத்துச் சீட்டுக்காரரை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. எழுந்து கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டாள்.

"குட்டி, வண்டியை வீட்டுக்கு விடாதே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

"அக்கா, நாளைக்குக் காலையிலதானே உனக்கு..."

"எனக்கில்லை."

குட்டி அந்தக் காலைப் பார்த்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியிலேயே பாதி நாள் கிடக்கிறவன். அவன் முகம் மாறிய மாற்றம் அக்காவுக்குத் தெரியும். மாசக்கணக்காகப் போனில் கேட்ட குரல், இப்போது நேரில் வந்தது.

"இதுக்குத்தான் வேண்டாம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எனக்காகக் கிளம்பி வந்து மாமாவுக்கு ஒண்ணுன்னா..."

"அந்தப் பேச்சை அப்புறம் பேசலாம். சாவியை எடு."

வாசலோடு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தள்ளிக்கொண்டு வந்த பெண் சைகை காட்டினாள். அக்கா அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கைப்பிடி இரண்டையும் தானே பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வழிவிட்டாள்.

வெயிலில் கண் கூசியது. கார்கள் நிற்கும் இடம் வெகு தூரத்தில் இருந்தது. அக்கா தள்ளினாள். நாள் பூராவும் பழக்கிவிட்ட கால், சொன்ன பேச்சைக் கேட்டது. முன்னால் குட்டி சாவியோடு வேகவேகமாகப் போனான், இரண்டு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான்.

சிலை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"குட்டி. உங்கக்கா நடந்தே வர்றேன்னு சொல்லச் சொன்னா. நான்தான் உங்கிட்ட சொல்லலை. அவ சொன்னபடி நடந்து வந்துட்டா, நீயும் சொன்னபடி அந்த டேபிள்ல படுக்கணும்."

குட்டி திரும்பவில்லை. காரின் கதவைத் திறந்துவிட்டு, கூரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றான். சாவி இன்னும் அவன் கைக்குள்ளேயே இருந்தது.